இருக்கச் சொல்லுங்க

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது என் வயிற்றில் பிறந்தது இல்லை. என் வீட்டுக்காரருடைய தம்பி. நான் போடிக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்குப் பதினோரு வயது, எனக்குப் பதினேழு. மாமியார் இல்லாத வீடு. அவனுக்கு மீசை முளைத்ததும் என் சோற்றில்தான், நரைத்ததும் என் சோற்றில்தான்.

பேரைச் சொல்லமாட்டேன். போடியில் பிரெஞ்சு வாத்தியார் என்று கேட்டால் இன்றைக்கும் எங்கள் வீட்டைக் கை காட்டுவார்கள். அது போதும். செத்துப்போனவரை ‘அவர்’ என்று சொல்லவேண்டும் என்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற என் பேத்தி. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பயலுக்கு எனக்கு ‘அவர்’ வராது. அவன்தான்.

போன மாதம் அவனிடம் படித்த இரண்டு பேர் வந்தார்கள். வருஷ நினைவுக்கு ஒரு மலர் போடப்போகிறார்களாம். குடும்பத்தில் மூத்தவள் என்று நானும் நாலு வார்த்தை சொல்லவேண்டுமாம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார் மாதிரி ஒரு பொறுமைசாலியைப் பார்த்ததே இல்லை, அவசரம் என்பதே அவரிடம் கிடையாது என்றாள். நான் காப்பி கொடுத்து அனுப்பினேன். அவசரம் கிடையாது, வாஸ்தவம். வாசலில் நிற்கிறவனுக்குத்தானே அவசரம், உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன அவசரம்? பொறுக்கிறவனைப் பொறுமைசாலி என்று சொன்னால் சரி. அடுத்தவனைப் பொறுக்க வைக்கிறவனுக்கும் அதே பேரா?

அவன் டியூசன் எடுத்தது எங்கள் வீட்டு மாடியில். பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று ஊர்ப்பிள்ளைகள் பாதி அவனிடம் வந்து விழுந்தன. பிறகு கனடாவுக்குப் போகிற நர்சுப் பிள்ளைகள் வந்தன. யார் வந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். ஒரே ஒரு வினைச்சொல். அத்தாந்த்ர். காத்திருப்பது என்று அர்த்தமாம்.

ழத்தான், துயத்தான், இலத்தான். நூஸத்தாந்தோன், வூஸத்தாந்தே, இல்ஸத்தாந்த். நான் காத்திருக்கிறேன், நீ காத்திருக்கிறாய், அவன் காத்திருக்கிறான். நாம், நீங்கள், அவர்கள் என்று அது போகும். அத்தான் அத்தான் என்று வருவதைக் கேட்டுப் பெண்பிள்ளைகள் முதல் நாள் வாயைப் பொத்திச் சிரிக்கும். மறுநாள் சிரிக்காது. அடுப்படிக்கு நேர் மேலே அந்த அறை. நான் கையெழுத்துப் போடுவேன், பஸ்சு போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் படிப்பு இல்லை. ஆனால் அந்தச் சொல்லை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வேன். வருஷாவருஷம் சாம்பாருக்குத் தாளிக்கும்போது கேட்டது.

இந்தச் சொல்லை ஏன் முதலில் எடுக்கிறாய் என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். அவன் சாப்பிட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். பேச்சு கிடைத்தால் ஒன்றரை.

“இந்த ஒண்ணப் பிடிச்சாப் போதும் மதினி, ஒரு கூட்டமே பின்னால வந்துரும். விக்கிறது, தொலைக்கிறது, கேக்குறது, பதில் சொல்றது, எறங்குறது, திருப்பிக் குடுக்கிறது, எல்லாத்துக்கும் இதே வாய்ப்பாடுதான்” என்றான்.

வாய்ப்பாடு சரியாகத்தான் இருந்தது. மலையில் அவன் பங்குக்கு வந்த ஏலக்காட்டை விற்றான். விற்றதைத் தொலைத்தான். கூப்பிட்டால் காதில் கேட்காது, கேட்டாலும் பதில் வராது, பதில் வந்தாலும் ஆள் மாடியை விட்டு இறங்கமாட்டான். திருப்பிக் கொடுப்பது என்ற சொல்லை மட்டும் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன உதாரணம் காட்டி விளக்கினானோ, தெரியாது.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பதையும் சொல்வான். அதைச் சொல்லும்போது குரலே மாறும். லத்தீன் என்று ஒரு மொழி. அந்த மொழியில் ஒன்றைப் பார்த்து நீட்டுவது, இழுத்து விறைப்பாகப் பிடிப்பது என்று அதற்கு அர்த்தம். மனசு ஒரு திக்கைப் பார்த்துக் கயிறு மாதிரி இழுபட்டு நிற்கிறதே, அதுதான் பின்னாளில் காத்திருப்பது என்று ஆனதாம். இங்கிலீஷ்காரன் அதே சொல்லைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆஜராவதற்கு வைத்துக்கொண்டானாம். லத்தீன் எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று கேட்டேன். இப்போது வீட்டில் பேசுகிறவர்கள் யாரும் இல்லை என்றான். பேசுகிறவர்கள் எல்லாம் காத்திருந்தே செத்துப்போனார்கள் போலிருக்கிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றச் சொன்னான்.

வீட்டில் அவன் பேசிய பிரெஞ்சு ஒன்றே ஒன்றுதான். அத்தாந்தே. காத்திருங்கள் என்று உத்தரவு. தமிழில் என்றால் என்னிடம் சொல்லி அனுப்புவான்: “இருக்கச் சொல்லுங்க.” வாசலில் யார் வந்து நின்றாலும் அதுதான். பால்காரன், கரண்டு ரீடிங் எடுக்கிறவன், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்கள், யாராக இருந்தாலும் சரி. கல்யாணப் பத்திரிகையை நின்றுகொண்டே வாங்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவர்களை நிற்கவைத்து வாங்கியவன் இந்தத் தேனி ஜில்லாவிலேயே அவன் ஒருவன்தான்.

மலைக்குப் போகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் காய் பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பும். டிரைவர் ஒரு ஹாரன் அடிப்பான். இரண்டாவது ஹாரன் கிடையாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். ஓடாதவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அந்த ஜீப்பையும் நிறுத்திவைத்தவன் இவன். அப்போது அவன் பங்கை விற்றிருக்கவில்லை. எங்கள் காட்டு ஜீப்பு வாசலில் வந்து நிற்கும். உள்ளே ஆட்களை அடுக்கியிருக்கும், பின்னால் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு நிற்பார்கள். இவன் அப்போதுதான் வெந்நீர் விளாவுவான்.

ராசிங்காபுரத்துக் கிழவி ஒருத்தி அந்த ஜீப்பில் வருவாள். வாய் கொஞ்சம் நீளம். இவன் ஒருநாள் கைக்குட்டையை நாலாக மடித்துக்கொண்டே வெளியே வந்தபோது கேட்டாள்: “என்ன அப்பு, காட்டுக்குத்தான் வாரீகளா? இல்ல, பொண்ணழைக்கப் போறீகளா?”

ஜீப்பே சிரித்தது. இவன் திரும்ப உள்ளே போய், வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அவள் கேட்டதற்குத் தண்டனை, இன்னும் கால் மணி நேரம். அன்றைக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கூலியில் பிடித்தது அந்தப் பெண்களுக்குத்தான், இவனுக்கு இல்லை.

காட்டில் ஒரு விஷயம் உண்டு. பறித்த பச்சை ஏலக்காயை அன்றைக்கே காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஏற்றிச் சூடு காட்டவேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் வேர்க்கும், பச்சை வெளுக்கும், மணம் அமுங்கிவிடும். பிறகு எத்தனை உலர்த்தினாலும் அந்த நிறம் திரும்பாது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள் ஸ்டோர் சாவியை இவனிடம் கொடுத்து மேலே அனுப்பினார். லோடு வந்து ஸ்டோர் வாசலில் இறங்கியது. சாவிக்காரனைக் காணோம். அவன் போடிமெட்டில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். எதிரே, மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். பிரான்சுக்காரர்கள். பாண்டிச்சேரியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு அவனுக்கு அகப்பட்ட முதல் நிஜப் பிரான்சுக்காரர்கள்.

பிறகு அந்த டீக்கடைக்காரர் எங்களிடம் சொன்னார். மலையாளத்து மனிதர், சிரிக்காமல் சொல்வார். “பாவம் அவங்க, சேச்சி. தொப்பி மாட்டும், கழட்டும். பின்னேயும் மாட்டும், பின்னேயும் கழட்டும். சார் விட்டாலல்லே போக முடியும்?”

பொழுது சாய்ந்து அவர்களே தப்பித்து ஓடிய பிறகுதான் இவன் ஸ்டோருக்குப் போனான். காய் மூட்டைக்குள் கொதித்துக் கிடந்தது. அந்தக் காயை ஏலத்துக்குக் கொண்டுபோன அன்று என் வீட்டுக்காரரும் போயிருந்தார். அந்தக் காலத்தில் மாதிரிக் காய் கிண்ணத்தில் கை மாறி மாறி வரும். வியாபாரிகள் அள்ளிப் பார்ப்பார்கள், உடைத்து மோந்து பார்ப்பார்கள், விலை சொல்வார்கள். எங்கள் கிண்ணம் வரிசை முழுக்கப் போயிற்று. ஒருவரும் கையை விடவில்லை. மணத்துக்குப் பேர்போன காடு எங்களுடையது. அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாயில்லாப் பிள்ளை என்பார். தாயில்லாப் பிள்ளைக்கு அப்போது நாற்பது வயது.

நான் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் மலரில் போடவேண்டும். “மதினி, எங்க தாத்தா ஜமீன் அரண்மனை வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டுப் பொழுதன்னைக்கும் நின்னவரு. உள்ள ஒரு வார்த்தை கேக்கக் காலையில போனா சாயங்காலம் வருவாரு. காத்து நிக்கிறவன் சின்ன மனுசன், காக்க வைக்கிறவன் பெரிய மனுசன். அவ்வளவுதான் ஒலகம்.”

பெரிய மனுசனாக இவன் கண்ட வழி இது. அரண்மனையில் இன்று வௌவால் தொங்குகிறது. தாத்தா அங்கே நின்றதற்குப் பழியை இவன் ஜீப்புக்காரனிடமும் பால்காரனிடமும் தீர்த்தான். அதுகூடப் போகட்டும். என் தங்கச்சியிடம் தீர்த்தானே, அதைத்தான் நான் மறக்கவில்லை.

என் தங்கச்சி பேர் காமாட்சி. எனக்கு ஒன்பது வயது இளையவள். அக்கா வாக்கப்பட்ட வீட்டிலேயே தங்கச்சியையும் கொடுத்தால் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கும் என்று என் அப்பாவுக்கு ஆசை. இவனுக்கும் இஷ்டம்தான். ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றி, அவள் தலையில் பூ வைத்தார்கள். அன்றைக்கே அவன் வேலையைக் காட்டினான். உச்சிப்பொழுதுக்கு நேரம் குறித்திருந்தார்கள். அவளை மணையில் உட்காரவைத்துத் தலையைக் குனியச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையைக் காணோம். ஆள் அனுப்பிக் கேட்டால், சவரம் பண்ணுகிறாராம், இருக்கச் சொன்னாராம். வெயில் சாய வந்தான். தட்டில் இருந்த பூ வாடிவிட்டது. வாடின பூவைத்தான் நான் அவள் தலையில் வைத்தேன். அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, “அக்கா, கழுத்து வலிக்குது” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

பிறகு அவன் பாண்டிச்சேரிக்குப் போனான். பிரெஞ்சு படித்து, பிரான்சுக்குக் கப்பல் ஏறி, அதற்குப் பிறகு கல்யாணம் என்றான். கப்பலும் ஏறவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவான். என் அப்பா கேட்டு அனுப்புவார். இவன் மாடியில் இருந்தபடி என்னிடம் சொல்வான்: “இருக்கச் சொல்லுங்க மதினி.”

எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டு உண்டு. பூ வைத்த பெண்ணை வேறு வீட்டார் கேட்டு வரமாட்டார்கள். மாப்பிள்ளை வீடு அந்த வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால்தான் அவள் விடுபட்டவள். அதுவரைக்கும் அவள் இந்த வீட்டுக்கும் இல்லை, எந்த வீட்டுக்கும் இல்லை. ஏழு வருஷம் அப்படி இருந்தாள். அவளோடு படித்தவர்கள் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தினார்கள். கூப்பிட்ட வீட்டுக்குப் போனால், எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். அவள் போவதையே நிறுத்திக்கொண்டாள். அவன் பாடத்தில் அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறதல்லவா, அதை எழுதும்போது கடைசியில் மூன்று எழுத்து அதிகமாக வருமாம், ஆனால் வாயில் சத்தம் வராதாம். சும்மா நிற்குமாம். மேலே அவன் அதை விளக்கிக்கொண்டிருப்பான். நான் கீழே உலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அவள் முகம்தான் வரும்.

தட்டைத் திருப்பவேண்டியது ஆண்பிள்ளைகள். என் வீட்டுக்காரர், தம்பி வாயிலிருந்து ஒரு சொல் வராமல் நான் எப்படித் திருப்புவது என்றார். கடைசியில் நான்தான் ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, அந்தப் பித்தளைத் தட்டைத் தேய்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன். போடி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஆட்கள் நாலு பேர் பார்த்தார்கள். பெண்பிள்ளை தட்டுத் திருப்பப் போகிறாளே என்று பேசினார்கள். பேசட்டும். என் அப்பா வீட்டு நடுவீட்டில் கொண்டுபோய் வைத்து, “எங்க வீட்டுப் பையனுக்குக் குடுத்துவைக்கல. ஒங்க பொண்ண ஒங்க இஷ்டம்போலக் குடுத்துக்கங்க” என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரியாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அக்காவாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொழுது அழுதாள். பிறகு எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

நான் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் இடி விழவில்லை. அவனுக்குத் தந்தி கொடுத்தார்கள். அவன் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. வந்தவன், “கொஞ்சம் இருந்திருக்கலாமே மதினி” என்றான்.

காமாட்சியைத் தேவாரத்தில் மாவு மில் வைத்திருந்த மனிதருக்குக் கொடுத்தார்கள். சத்தமில்லாத நல்ல மனிதர். மில்லுதான் சத்தம் போடும். மூன்று பிள்ளைகள். அவர் காலமான பிறகும் மில்லை அவள்தான் ஓட்டினாள், இன்றைக்கும் ஓட்டுகிறாள். இவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவளை நினைத்து இருந்துவிட்டான் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். இன்னொரு பெண் வீட்டாரும் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களையும் இருக்கத்தான் சொன்னான். அவர்களுக்கு விவரம் தெரிந்தது, எழுந்து போய்விட்டார்கள்.

இனி கடைசிச் சங்கதி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவனுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மாடியிலிருந்து கீழே தூக்கிவந்து முன்னறையில் போட்டோம். வாய் கோணவில்லை, பேச்சு இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பான். டியூசன் பிள்ளைகள் ஒரு மாதம் வந்து பார்த்தன, பிறகு வரவில்லை. அவர்களுக்கும் பரீட்சை இருக்கிறதே.

ஒருநாள் கஞ்சி கொண்டுபோனபோது சொன்னான். “மதினி, காமாட்சிய ஒரு தடவ வரச் சொல்றீகளா? ஒரு வார்த்தை சொல்லணும்.”

இத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. என்ன வார்த்தை என்று கேட்டேன். அவளிடம்தான் சொல்வானாம். எனக்கு மனசில்லை. ஆனாலும் கிடக்கிற மனிதன் கேட்டதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. போன் போட்டேன். காமாட்சி எடுத்தாள், விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மில்லு ஓடுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு வர்றேன் என்றாள்.

மறுநாள் மத்தியானம் பஸ்சை விட்டு இறங்கி நேராக வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், காதோரத்தில் மாவுத் தூசி ஒட்டியிருந்தது. என்ன வார்த்தை என்று தெரிந்துகொள்ள ஆசையா என்று கேட்டேன். “எனக்கு ஒரு வார்த்தையும் வேணாங்க்கா. சாகக் கெடக்கிற மனுசன் கூப்பிட்டா போகணும்ல” என்றாள்.

முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். நான் திரையை விலக்காமலே, காமாட்சி வந்திருக்கிறாள் என்றேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு குரல் வந்தது.

“வந்துட்டாளா? இருக்கச் சொல்லுங்க மதினி. சவரம் பண்ணிட்டு வர்றேன்.”

நான் காமாட்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அந்த வாடின பூதான் ஞாபகம் வந்திருக்கும். அவள் சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே தண்ணீர்க் குவளை வைக்கிற சத்தம், பிரஷ் தட்டுகிற சத்தம். ஒற்றைக் கையால் செய்கிறான். அது வெரசாக முடிகிற காரியம் இல்லை.

நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் ஆற அமரக் குடித்தாள். என் முழங்கால் வலியைக் கேட்டாள். அவள் பேரன் மதுரையில் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னாள். டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து திரையை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே இன்னும் சத்தம் கேட்டது.

“அக்கா, நான் பொறப்படுறேன். இந்தப் பஸ்ஸ விட்டா அடுத்தது நேரமாகும். இன்னைக்குச் சந்தை நாளு, மாவு அரைக்க ஆளுக நிப்பாக. அவுகளக் காக்க வைக்கப்படாது.”

கோபமா என்று கேட்டேன்.

“கோவம் என்ன கோவம். ஏழு வருசம் குடுத்தேன்ல. அதுக்கு மேல ஒரு நிமிசம் குடுக்க எனக்கு இஷ்டம் இல்ல” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து நேராக இருந்தது.

அவள் போய் வெகு நேரம் கழித்துத் திரை விலகியது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஒரு பக்கம் மழமழவென்று இருந்தது, மற்றப் பக்கம் திட்டுத்திட்டாக முடி. தாடையில் ஒரு வெட்டு, அதன்மேல் பவுடர் அப்பியிருந்தது. கூடத்தில் காலி நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இருக்கச் சொல்லலையா மதினி?”

“சொன்னேன்” என்றேன்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தான். அந்த நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். எங்கள் வாசலில் உட்கார்ந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெரு கோடிவரை தெரியும். அவன் விழாத பக்கத்துக் கையைக் கதவு நிலையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, கழுத்தை அந்தக் கோடியைப் பார்த்து நீட்டினான். நரம்பு புடைத்துக் கயிறு மாதிரி இழுத்து நின்றது. ரசம் ஊற்றச் சொன்ன அன்றைக்கு எனக்கு அவன் விளக்கின அந்த லத்தீன் இதுதானா என்று பார்த்தேன். சொன்னது சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அவன் உதடு அசைந்தது. பக்கத்தில் போனால் கேட்டது. ழத்தான். நான் காத்திருக்கிறேன். முதல் வரி. மேலே போகவில்லை, அங்கேயே நின்றது. அதைப் பிள்ளைகளைச் சொல்லவைத்துக் கேட்டிருக்கிறேன். அவனுக்காக அவன் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் இருந்தான். தினமும் மத்தியானம் பஸ்சு வருகிற நேரத்துக்குச் சவரம் செய்துகொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான். நேரம் தவறமாட்டான். எழுபது வயதில் அந்தப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் கழுத்து நீளும். என்ன வார்த்தை சொல்ல நினைத்தாய், என்னிடமாவது சொல், நான் போய்ச் சொல்கிறேன் என்று ஒருநாள் கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். செத்த அன்று காமாட்சிக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தாள், மாலை போட்டாள், தூக்குவதற்கு முன்னால் கிளம்பிவிட்டாள். அவனையும் வெகு நேரம் போட்டுவைக்கவில்லை. வெயிலுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளைகள் பொறுமைக்கடல் என்று போட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்கு மார்க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இதையும் போடட்டும். ஒரு எழுத்தைக் குறைத்தாலும் என் பேரைப் போடக்கூடாது.

அவ்வளவுதான் ஆத்தா. எங்க, மொதல்ல இருந்து ஒருக்கா படி, கேப்போம். போனை அப்புறம் பாத்துக்கிரலாம், இப்பப் படி. எனக்குக் காத்திருந்து பழக்கம் இல்ல.